வீட்ல சொல்லிட்டீங்களா

மோசஸ் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். "கெஸ்ட் வந்ததும் ஆர்டர் எடுத்துக்கறேன் சார்." எப்போதும் இதே வார்த்தைதான், தூணுக்குப் பின்னால் இருக்கிற இதே மேஜைதான். வாசலைப் பார்த்த நாற்காலி எனக்கு, வாசலுக்கு முதுகு காட்டுகிற நாற்காலி வரப்போகிறவருக்கு. கிண்டியில் இந்த ஓட்டல் திறந்த நாளிலிருந்து இந்தக் காபி ஷாப்புக்கு வந்துகொண்டிருக்கிறேன், மோசஸும் அப்போதிலிருந்தே இங்கே இருக்கிறார், என் தலை நரைத்ததை அவரும் அவர் தலை வழுக்கையானதை நானும் பார்த்திருக்கிறோம், ஆனால் என் பெயர் அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்த பெயரில் மேஜையைச் சொல்லி வைப்பேன். இன்றைக்குச் சுந்தரம். போன வாரம் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. தொழில் அப்படி. கார் கம்பெனிக்கும், காருக்குப் பாகம் செய்கிற கம்பெனிக்கும், இப்போது புதிதாகக் காருக்குள் ஓடுகிற சாஃப்ட்வேர் எழுதுகிற கம்பெனிக்கும் பெரிய நாற்காலியில் உட்கார ஆள் தேடித் தருகிறேன். வேலை இல்லாதவனைத் தேடுவது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல வேலையில், ஏசி அறையில், நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவனைக் கண்டுபிடித்து, அவன் நிம்மதியைக் கெடுத்து, கிளப்பிக்கொண்டு வருவதுதான் வேலை. ஹெட்ஹன்டர் என்று விசிட்டிங் கார்டில் போட முடியாது, கன்சல்டன்ட் என்று போட்டிருக்கிறேன். கனகாவுக்கு இதெல்லாம் ஒரே வார்த்தைதான், பிள்ளை பிடிக்கிறவர். "எங்க வீட்டுக்காரர் பிள்ளை பிடிக்கப் போயிருக்கார்" என்று பக்கத்து ஃபிளாட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பு மாடிப்படி வரைக்கும் கேட்கும். இப்போது மெல்போர்னில் சிரித்துக்கொண்டிருக்கிறாள், மகன் வீட்டில், பேரனோடு. ஆறு மாதம் என்று போனவள். விசாவை நீட்டிக்க நீட்டிக்க, மூன்று தீபாவளி ஆகிவிட்டது.

பரணிதரன் இன்னும் வரவில்லை. பதினொரு மணிக்கு வருகிறேன் என்றான். அனுப்பின மெசேஜுக்கு இரண்டு டிக் விழுந்திருக்கிறது, நீலமாகவில்லை. நீலமாகாததற்கு என்னென்னவோ காரணம் இருக்கலாம், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், கத்திப்பாராவில் மாட்டியிருப்பான், சனிக்கிழமை என்றாலும் அங்கே நெரிசலுக்குக் குறைச்சலில்லை. இல்லையென்றால் அவனுடைய எம்.டி. கூப்பிட்டிருப்பார். அதுதான் பயம். விஷயம் எப்படியாவது கசிந்துவிடும், எம்.டி. கூப்பிட்டுத் தோளில் கையைப் போட்டு, "என்னப்பா, நம்ம வீட்டுப் பிள்ளை நீ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவனைப் போல நல்ல மனசுக்காரன் அங்கேயே கவிழ்ந்துவிடுவான். மறைமலை நகரில் பிரேக் செய்கிற கம்பெனியில் சாஃப்ட்வேர் பிரிவுக்குத் தலைவன். வண்டி எந்த நொடியில் நிற்க வேண்டும் என்று வண்டிக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. புனேயில் மின்சாரக் கார் கம்பெனிக்கு அவன் வேண்டும். அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிற குல்கர்னி என்னிடம் ஆறு மாதத்துக்கு முன்னால் சொன்னார், "தேசம் பூரா தேடுங்க, ஆனா கடைசியில இந்த ஆளைத்தான் கொண்டு வரப்போறீங்க." கொண்டு வந்துவிட்டேன். ஏறக்குறைய. மத்தியானத்துக்குள் கையெழுத்து விழ வேண்டும், திங்கட்கிழமை அவர்கள் அறிவிக்கப் போகிறார்கள். இது விழவில்லை என்றால் குல்கர்னி என்னை இனிமேல் கூப்பிட மாட்டார். கூப்பிடுகிற ஆட்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருத்தர்தான். மற்ற கம்பெனிகள் எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டி ஆளை எடுத்துக்கொள்கின்றன, இல்லையென்றால் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிற பெரிய ஏஜென்சிக்குப் போகின்றன. குல்கர்னியும் நிறுத்திவிட்டால் இந்தப் போன் மணி அடிக்காது. அப்புறம் என்ன இருக்கிறது. மணி அடிக்காத போனை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது. டிவியின் ரிமோட்டும் நானும்.

அதோ, பஃபே பக்கம் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது ராகவேந்திரன் இல்லையா? அவர்தான். தொப்பை போட்டுவிட்டது. அவரை டயர் கம்பெனிக்குத் தலைவராகக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான்தான். உட்காருவதற்கு முன்னால் நாலு மாதம் தினம் என்னோடு பேசினார், அவர் மாமனாரின் பைபாஸ் ஆபரேஷன், பெரிய பெண்ணின் காதல், தூக்கத்துக்குப் போடுகிற மாத்திரை, எல்லாம் எனக்குத் தெரியும். பார்க்கிறார். என்னைத்தான் பார்க்கிறார். இதோ, பார்வை என்மேல் பட்டு, அப்படியே நழுவி, இட்லிப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. கோபப்பட நியாயம் இல்லை, கூட அவர் ஆபீஸ் ஆட்கள் இருக்கிறார்கள், என்னோடு ஒரு வார்த்தை பேசினால் "சார் கிளம்பறார் போல" என்று சாயங்காலத்துக்குள் புரளி கிளம்பிவிடும். என்னைத் தெரியும் என்று காட்டிக்கொள்வதே ஆபத்து. நானும் மெனு அட்டைக்குள் முகத்தை விட்டுக்கொள்கிறேன். கல்யாண புரோக்கர் இதே வேலையைத்தான் செய்கிறார், ஆனால் அவருக்காவது பந்தியில் ஓர் இலை உண்டு, வெற்றிலை பாக்கு உண்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்து எழுந்திருக்கிற மரியாதை உண்டு. நான் சேர்த்து வைத்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் இட்லி பார்க்கிறார்கள். போகட்டும். என்ன பெரிய வருத்தம் இதில். வருத்தம்தான், ஏன் இல்லாமல்.

போனில் என்னை எப்படிப் போட்டு வைப்பார்கள் என்பது ஒரு பெரிய கதை. என் பெயரில் போட்டு வைக்க முடியாது, மீட்டிங்கில் மேஜைமேல் போன் கிடக்கும்போது என் பெயர் மின்னினால் தொலைந்தது. ஆகவே ஆளுக்கு ஒரு பெயர். ஓசூர்க்காரர் ஒருத்தர் என்னை 'டைல்ஸ் கடை' என்று போட்டிருந்தார். ஒருத்தர் 'அக்வாகார்டு சர்வீஸ்'. இன்னொரு மகராசன் 'மயிலாப்பூர் அத்தை'. ஏன் சார் அத்தை என்று கேட்டேன். "அத்தை போன் வந்தா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க சார்" என்றார். கூப்பிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள். குரல் அப்படியே அமுங்கிவிடும், "ஒரு நிமிஷம்", கதவு சாத்துகிற சத்தம், அதற்கு அப்புறம் கிசுகிசு. ஒரு தடவை, சும்மா, ஒருத்தருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாமே என்று கூப்பிட்டேன். அவரும் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, "சொல்லுங்க, எந்தக் கம்பெனி?" என்றார். பிறந்தநாள் வாழ்த்துகள் என்றேன். "அதுக்கா கூப்பிட்டீங்க?" என்றார். அதற்குத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. பரணி என்னை என்ன பெயரில் வைத்திருக்கிறானோ. கேட்டதில்லை. கனகாவின் போனில் நான் 'அவர்'. அவ்வளவுதான், வெறும் 'அவர்'. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள், பேரன் நடுவில் வந்து திரை முழுக்கத் தன் மூக்கைக் காட்டுவான், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வெச்சிடறேன், இங்க குக்கர் கத்துது." நானும் சரி என்பேன். சரி என்று சொல்லிவிட்டு, திரை கறுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதில் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஒரே ஒரு கேள்விதான் இந்தத் தொழிலில் எனக்கு முக்கியம். சம்பளம், பதவி, காரா வீடா, எல்லாம் பேசி முடித்தபின் கடைசியில் கேட்பேன்: "வீட்ல சொல்லிட்டீங்களா?" எல்லாரும் சொல்லிவிட்டேன் என்பார்கள். பாதிப் பேர் புளுகுவார்கள். அந்த ஓசூர்க்காரர் கையெழுத்துப் போட்டு, பழைய ஆபீஸில் பிரிவுபசாரம் நடந்து, மாலை போட்டு, கேக் வெட்டி, வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "நல்லது, போயிட்டு வாங்க, நானும் பிள்ளைகளும் வரலை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. மனிதர் புதுக் கம்பெனிக்கும் போகவில்லை, பழைய கம்பெனியிலும் சேர்க்கவில்லை. அதிலிருந்து மூன்று தடவை கேட்பது என்று வைத்திருக்கிறேன். பரணியிடமும் இரண்டு தடவை கேட்டாயிற்று. "அதெல்லாம் ஓகே சார், சுகந்திக்குப் புனே கிளைமேட்டே ரொம்பப் புடிக்கும்" என்றான். கிளைமேட் என்றபோது அவன் குரல் ஒரு சுற்று வேகமாகப் போயிற்று. கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி இருந்தேன். என்னை யாராவது திருப்பிக் கேட்டால், வீட்ல சொல்லிட்டீங்களா என்று, என்ன பதில் சொல்வேன்? இன்றைக்குக் காலையில் கதவைப் பூட்டும்போது என்னையறியாமல் "வரேன்" என்றேன். உள்ளே ஃபிரிட்ஜ்தான் இருந்தது.

போன் அதிர்கிறது. பரணி நம்பர். அப்பாடா. எடுத்ததும் பெயரைச் சொல்லக் கூடாது, அது இந்தத் தொழிலின் முதல் பாடம், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ. "சொல்லுங்க" என்கிறேன், அமுங்கின குரலில். மூச்சு மட்டும் கேட்கிறது. பின்னால் எங்கேயோ மிக்ஸி ஓடி நிற்கிறது. "ஹலோ?" என்கிறேன். "யாரு பேசறது?" பெண் குரல். நடுங்குகிற குரல். விபத்தா, ஆஸ்பத்திரியா, கத்திப்பாராவா என்று மனசு எங்கெங்கோ ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் அந்தக் குரலே கேட்கிறது, "பிளம்பர் குமாருங்களா?" ஓ. அப்படியா சங்கதி. பிளம்பர் குமாரா நான். இது அவன் மனைவி, சுகந்தி. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டான் மடையன். இருபத்தைந்து வருஷப் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அது யோசிக்காமல் பதில் சொல்கிறது: "ஆமாங்க. பிளம்பர் குமார்தான்." அந்தப் பக்கம் மறுபடி மூச்சு. அப்புறம், எனக்கில்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஆம்பளைக் குரலா இருக்கு." "ஆம்பளைதாங்க" என்கிறேன், வேறு என்ன சொல்வது. அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே போன சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்து அழுகையாகிவிட்டது. காபி ஷாப்பில் கரண்டிச் சத்தம், யாரோ முட்டை தோசை கேட்கிறார்கள், நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முகம் தெரியாத ஒரு பெண் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எங்கங்க ஒழுகுது?" என்று கேட்கிறேன். பிளம்பர் வேறு என்னதான் கேட்பான்.

"எங்கயும் ஒழுகலைண்ணே." அண்ணே என்கிறாள். "தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆறு மாசமா இந்த மனுஷன் பால்கனிக் கதவைச் சாத்திக்கிட்டு குசுகுசுன்னு பேசறார். யாருங்க அதுன்னா, பிளம்பர்ங்கறார். எந்த ஊர்லண்ணே ராத்திரி நேரத்துல பிளம்பர்கிட்ட குசுகுசுன்னு பேசுவாங்க? அதுவும் சிரிச்சு சிரிச்சு. கண்ணாடிக் கதவு வழியா பாத்துக்கிட்டே இருப்பேன். என்கிட்ட அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சுண்ணே. இன்னிக்கு போனை மறந்துட்டுப் போயிட்டார். எடுத்துப் பாக்கறதா வேண்டாமான்னு அதையே சுத்திச் சுத்தி வந்தேன். எடுக்கறது பொம்பளையா இருந்தா என்ன பேசறதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை எல்லாம் பாத்தேன். கடைசியில நீங்க பேசறீங்க." மறுபடி சிரிப்பு, மூக்கை உறிஞ்சுகிற சத்தம். என்னுடைய ரகசியம் கம்பெனிகளுக்குள் இருக்கிற ரகசியம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு பால்கனிக் கதவுக்கும் அந்தப் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றவே இல்லை. "அப்படி என்னண்ணே பேசுவீங்க ரெண்டு பேரும்?" என்கிறாள். "சாருக்கு ஆபீஸ்ல டென்ஷன் போலங்க, சும்மா பேசுவார்" என்கிறேன். அது பொய்யும் இல்லை. சம்பளம் பேசி முடித்த பின்பும் பரணி பேசிக்கொண்டுதான் இருப்பான், கிரிக்கெட், அவன் அப்பாவின் மறதி, மகள் சாப்பிடாமல் போன் பார்ப்பது. நானும் வைக்க மாட்டேன். வேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டேன், ஆளைச் சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டும் என்று. எனக்கும்தான் அந்த நேரம் பிடித்திருந்தது. "சரி, பேசறதுக்கு ஒரு ஆளாவது இருக்கே அவருக்கு, இருக்கட்டும்" என்கிறாள் சுகந்தி. "அண்ணே, கூப்பிட்டதுதான் கூப்பிட்டேன், ஒரு நாள் வந்து பாத்ரூமைப் பாருங்க. எல்லாத்தையும் மாத்தி நல்லதாப் போடணும். பொண்ணு ப்ளஸ் டூ, அடுத்து இங்கயேதான் காலேஜு. நாங்க இந்த வீட்டை விட்டு எங்க போகப்போறோம்." புனே கிளைமேட் ரொம்பப் புடிக்குமாம். "வரேங்க" என்கிறேன். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்கிறாள், வைப்பதற்கு முன்னால், எல்லாரும் கேட்பதுதான் அது, ஆனாலும் அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள். "இன்னும் இல்லைங்க." "மணி என்னாச்சு, போய்ச் சாப்பிடுங்க முதல்ல." வைத்துவிட்டாள்.

மோசஸ் தூரத்திலிருந்து பார்க்கிறார். நான் தண்ணீர் குடிக்கிறேன். நினைத்துப் பார்த்தால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அவள் நிம்மதியாகிவிட்டாள், பிளம்பர் ஆம்பளை, முடிந்தது கதை. பரணி வருவான், கையெழுத்துப் போடுவான், இன்றைக்கு ராத்திரி வீட்டில் பக்குவமாகச் சொல்லிக்கொள்வான், அது அவர்கள் பாடு. நான் என்ன அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்காரனா? குல்கர்னி மெசேஜ் அனுப்பிவிட்டார், ஒரே ஒரு கேள்விக்குறி. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை அனுப்புகிறேன். அனுப்பிவிட்டு அந்தக் கட்டைவிரலையே பார்க்கிறேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றாளே. ஆறு மாதம். நான் எண்ணிக்கொண்டிருந்த அதே ஆறு மாதம். இங்கே நான் குல்கர்னிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் அங்கே நின்றிருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு.

"சாரி சார், சாரி சார்!" பரணி வந்துவிட்டான். வியர்வை, கலைந்த தலை, சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். "போனை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன் சார், பாதி வழியிலதான் தெரிஞ்சுது, திரும்பினா லேட்டாயிடும்னு வந்துட்டேன்." சரியாக அவனுக்கான நாற்காலியில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். நன்றாகப் பழகிவிட்டான். மோசஸ் இரண்டு ஃபில்டர் காபி கொண்டுவருகிறார். நான் டேப்லெட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்புகிறேன், எல்லாப் பக்கமும் தயார், கடைசியில் கையெழுத்துக்கான பொத்தான் பச்சையாக. அமுக்குகிறான். முகம் மாறுகிறது. "அடக் கடவுளே. ஓடிபி சார். ஓடிபி என் போனுக்குத்தானே போகும்!" நெற்றியில் அடித்துக்கொள்கிறான். அடுத்த நிமிஷமே முகம் தெளிகிறது, எஞ்சினியர் மூளை. "பரவாயில்லை சார். உங்க போனைக் குடுங்க. வீட்டுக்கு அடிச்சு, ஒரு நம்பர் வரும் படிச்சுச் சொல்லும்மான்னா சொல்லிடுவா. பேங்க் விஷயம்னு சொல்லிக்கறேன்." கையை நீட்டுகிறான். நான் போனைக் கொடுக்கவில்லை. "வீட்ல சொல்லிட்டீங்களா பரணி?" மூன்றாவது தடவை. அவன் காபியைக் கலக்குகிறான், சர்க்கரையே போடாத காபியை. "சொல்லிடுவேன் சார். போட்டதுக்கு அப்புறம் சொன்னா அது நியூஸ். முன்னாடி சொன்னா டிஸ்கஷன். சுகந்தியோட டிஸ்கஷன்ல ஜெயிக்க முடியாது சார், உங்களுக்குத் தெரியாது." எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு போன்தான், ஆறு இலக்கம்தான், அவள் படித்துச் சொல்வாள், குல்கர்னி சந்தோஷப்படுவார், என் போன் இன்னும் கொஞ்ச வருஷம் மணி அடிக்கும். ஆனால் அவள் கையில் இருக்கிற போனில் என்ன பெயர் மின்னும்? பிளம்பர் குமார். பிளம்பர் நம்பரிலிருந்து புருஷன் பேசி பேங்க் நம்பர் கேட்டால், இப்போதுதான் அழுது முடித்தவள் என்ன நினைப்பாள்? அதைக்கூடச் சமாளிக்கலாம். எதையும் சமாளிக்கலாம், அதுதானே என் தொழில். அவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நாக்கு நுனியில் வந்துவிட்டது. பிளம்பர் பக்கத்துத் தெருவில் இருந்தார், அவர் போனை வாங்கிப் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். என் நாக்கைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

"அவங்க எனக்குப் போன் பண்ணாங்க" என்கிறேன். பரணி காபியை வைக்கிறான். "யாரு? சுகந்தியா? உங்களுக்கா?" "பிளம்பர் குமாருக்கு." அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்க என்ன சொன்னீங்க?" "பிளம்பர் குமார்தான்னு சொன்னேன்." அப்படியே நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, பெரிய மூச்சாக விடுகிறான். "சார்! பெரிய ஆள் சார் நீங்க! காப்பாத்திட்டீங்க!" சிரிக்கிறான். கண்ணாடிக் கதவு வழியாக அவள் பார்த்த சிரிப்பு இதுதான் போல. எனக்குத் திடீரென்று கோபம் வருகிறது, அவன்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. "எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே பரணி." "எதுக்கு, குழாய் ஏதாவது..." "எடுக்கறது பொம்பளையான்னு பாக்க." சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. "ஆறு மாசமா அவங்க பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருக்காங்க. நான் ஆம்பளைன்னு தெரிஞ்சதும் அழுதாங்க. பாத்ரூம் மாத்தணுமாம், வந்து பாக்கச் சொன்னாங்க. இந்த வீட்டை விட்டு எங்க போகப்போறோம்னாங்க." போனை எடுத்து அவன் கையில் வைக்கிறேன். "ஓடிபி கேட்டா கேளுங்க. பேங்க்னு மட்டும் சொல்லாதீங்க." சொல்லி முடித்ததும் தெரிந்துவிடுகிறது, போயிற்று, ஆறு மாதமும் குல்கர்னியும் போயாயிற்று. மனசு பதறும் என்று பார்த்தேன். பசிக்கிறது.

பரணி தன் நம்பரையே அமுக்கிவிட்டு வெறுமனே வைத்திருக்கிறான். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே கேட்கிற குரலில், "சொல்லுங்கண்ணே! சாப்பிட்டீங்களா?" என்கிறாள். பரணி என்னைப் பார்க்கிறான். "சுகந்தி" என்கிறான். "நான்தான்." நான் எழுந்து போகிறேன். காபி ஷாப் முடிகிற இடத்தில் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது, அங்கே போய் நிற்கிறேன். கையில் போன் இல்லாமல் நிற்பது எப்படி என்று மறந்துபோயிருக்கிறது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தால் பரணி தெரிகிறான். ஆரம்பத்தில் குனிந்துகொண்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினான், பழக்கம். அப்புறம் கையை எடுத்துவிட்டான். குரல் ஏறுகிறது, "இல்லம்மா, அப்படி இல்லம்மா, நான் சொல்றதைக் கேளு" என்பது மீன் தொட்டி வரைக்கும் வருகிறது. ராகவேந்திரன்கூடத் திரும்பிப் பார்க்கிறார். என் போனில் யாரும் இத்தனை சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. நடுவில் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைக்கிறான், குல்கர்னியின் அழைப்பு வந்திருக்கும். வரட்டும். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் நான் மீன்களைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே கனகாவைக் கூப்பிட்டால் என்ன. எதற்குக் கூப்பிட்டீர்கள் என்பாள். எதற்கும் இல்லை, தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று சொன்னால் என்ன. சொன்னதே இல்லை. அவளும் நான் ரொம்ப பிஸி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

பரணி வந்து பக்கத்தில் நிற்கிறான். முகம் கழுவின மாதிரி இருக்கிறது. "ஓடிபி கேக்கலை சார்" என்கிறான். "ஒரு வாரம் உக்காந்து பேசணுங்கறா. வருவாளா மாட்டாளான்னு தெரியலை. உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்." ஒரு வாரம் எல்லாம் குல்கர்னி தர மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. போனை நீட்டுகிறான். "லைன்லதான் இருக்கா. உங்ககிட்ட பேசணுமாம்." நான் வாங்கிக் காதில் வைக்கிறேன்.

"நல்லாப் பொய் சொன்னீங்க போங்க" என்கிறாள் சுகந்தி. "பிளம்பராம் பிளம்பர். ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் ஊரை விட்டுக் கிளப்பறதுதான் உங்க வேலையா? வேற நல்ல வேலையே கிடைக்கலையா?" இல்லீங்க என்கிறேன். "கோவமாத்தான் இருக்கேன், அவர் மேலயும் உங்க மேலயும். இருந்தாலும் உண்மையைச் சொல்லச் சொன்னது நீங்கதானாமே. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. குழாய் எல்லாம் ஒண்ணும் பாக்க வேணாம், சும்மா வாங்க, சாப்பிடலாம். உங்க பேரு என்னண்ணே? இந்தப் போன்ல மாத்திப் போட்டுடறேன்."

சொல்கிறேன். என் வழக்கமான குரலில்தான் வருகிறது அது, இந்த ஓட்டலில் எப்போதும் பேசுகிற குரலில்.

"என்னது? ஒண்ணுமே கேக்கலைண்ணே. சத்தமாச் சொல்லுங்க."

"தட்சிணாமூர்த்தி" என்கிறேன், சத்தமாக. தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மோசஸ் திரும்பிப் பார்க்கிறார்.